கோட்டையிலிருந்து வந்த பிடில்

கருநாடக இசை நிகழ்ச்சி என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றும் காட்சி ஒன்றுதான். நடுவில் பாடகர், ஒரு பக்கம் மிருதங்கம், மறு பக்கம் வயலின், பின்னால் தம்புரா. பிரிக்பீல்ட்ஸ் அரங்கமானாலும் சரி, கிள்ளானில் கோயில் திருவிழாவுக்குப் போட்ட தற்காலிக மேடையானாலும் சரி, இந்த அமைப்பு மாறுவதில்லை. அந்த வயலின் ஐரோப்பாவில் பிறந்த கருவி என்பது நமக்கு நினைவுக்கே வருவதில்லை. மிளகாய் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கிய பொருள் என்று குழம்பு வைக்கும்போது எந்தத் தாயாவது எண்ணிப் பார்க்கிறாரா? அப்படித்தான் இதுவும்.

இந்தக் கருவியை நம் இசைக்குள் அழைத்து வந்தவர் யார் என்ற கேள்விக்கு இசை வரலாறு முதலில் காட்டும் பெயர் பாலுசுவாமி தீட்சிதர். சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி இவர். அண்ணனுக்கு நூல்கள் உண்டு, விழாக்கள் உண்டு, இந்திய அரசு வெளியிட்ட அஞ்சல் தலையும் உண்டு. தம்பிக்குக் கிடைப்பது பெரும்பாலும் அண்ணன் வரலாற்றில் ஒரு பத்தி. இடைநிலைப்பள்ளிக் காலத்திலிருந்து வயலின் கற்று வரும் எனக்கு அந்த ஒரு பத்தி போதவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. கலைநிகழ்ச்சி ஒன்றுக்கான ஏற்பாட்டுக் கூட்டத்தில் நண்பர்களிடையே ஒரு விவாதம் எழுந்தது. திருமுறைப் பாடலுக்குக் கீபோர்டு வாசிக்கலாமா கூடாதா என்பதே பிரச்சினை. அந்நியக் கருவி கூடவே கூடாது என்றனர் ஒரு சாரார். அப்படியானால் வயலின் மட்டும் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டனர் மறு சாரார். இரவு பதினொரு மணிவரை நீண்ட அந்த விவாதத்தில் எந்த முடிவும் ஏற்படவில்லை. அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு தேடியபோது நான் போய்ச் சேர்ந்த இடம் சென்னைக்கு வடக்கே உள்ள மணலி.

பாலுசுவாமி 1786-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தை இராமசுவாமி தீட்சிதர் (1735–1817) திருவாரூரில் பெரும்புகழ் பெற்ற இசைப்புலவர். விநாயகர் பாடல் என்றதும் நம் செவியில் ஒலிக்கும் அம்சத்துவனி இராகத்தை உருவாக்கியவர் அவரே. பிள்ளைப்பேறின்றி நெடுநாள் வருந்தி, வைத்தீசுவரன் கோயிலில் வேண்டிக்கொண்ட பிறகு பிறந்த மூத்த மகன் முத்துசுவாமி. அடுத்துச் சின்னசுவாமி, பாலுசுவாமி என்ற ஆண்மக்களும் பாலாம்பாள் என்ற மகளும். முத்துசுவாமிக்கும் பாலுசுவாமிக்கும் சுமார் பத்து ஆண்டு இடைவெளி. நம் குடும்பங்களில் பத்து வயது மூத்த அண்ணன் என்றால் பாதித் தந்தை என்று வைத்துக்கொள்ளலாம்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் துபாஷாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய மணலி முத்துக்கிருஷ்ண முதலியார், திருவாரூருக்கு வந்தபோது இராமசுவாமி தீட்சிதரின் இசையைக் கேட்டு மயங்கிக் குடும்பத்தையே மணலிக்கு அழைத்துக்கொண்டார். துபாஷ் என்பவர் வெள்ளைக்கார வணிகருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையில் மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர். இரண்டு உலகங்களிலும் கால் வைத்தவர் என்பது அவரது தொழிலின் இலக்கணம். அவருக்குப் பின் வந்த மகன் வெங்கடகிருஷ்ண முதலியார், சின்னையா முதலியார் என அழைக்கப்பட்டவர், தீட்சிதர் குடும்பத்தைத் தந்தையைப் போலவே ஆதரித்தார். கம்பெனி அதிகாரிகளிடம் அவருக்கும் நல்ல செல்வாக்கு இருந்ததால் தீட்சிதர் வீட்டுப் பிள்ளைகளைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்று வெள்ளையரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்க வைத்தார்.

அந்தக் காட்சியைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். வேதமும் வீணையும் பயின்ற திருவாரூர்ப் பிள்ளைகள், கடற்கரைக் கோட்டைக்குள் நின்று சிப்பாய்களின் அணிநடை மெட்டுகளையும் அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டுப்புற ஆட்ட மெட்டுகளையும் கேட்கிறார்கள். சங்கராபரணத்தைப் போன்ற ஒரே சுரக்கட்டு, கமகமே இல்லாத நேரான சுரங்கள், அடித்து நடக்கும் தாளம். முகம் சுளித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் அவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. இவ்விடத்தில்தான் அண்ணனும் தம்பியும் பிரிகிறார்கள். என் பார்வையில் பாலுசுவாமியின் வாழ்க்கையில் மிக முக்கியமான கட்டம் இதுவே.

அண்ணன் எடுத்துக்கொண்டது மெட்டை. கோட்டையில் ஒலித்த மெட்டுகளுக்கு முத்துசுவாமி வடமொழியில் சாகித்தியம் எழுதினார். நோட்டுசுரச் சாகித்தியங்கள் எனப்படும் இவை ஏறக்குறைய நாற்பது. ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் நாட்டுப் பண்ணின் மெட்டு அம்பாள்மீதான துதியாக மாறியது இப்படித்தான். இன்றும் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனாலும் அவை முத்துசுவாமியின் பெருங்கடலில் ஒரு சிறு கிண்ணம். கச்சேரியின் நடுநாயகமாக அவற்றை யாரும் பாடுவதில்லை.

தம்பி மெட்டை விட்டுவிட்டுக் கருவியை எடுத்துக்கொண்டார். அதுதான் நம் இசையின் போக்கையே மாற்றியது.

பாலுசுவாமியின் ஆர்வத்தைக் கண்ட முதலியார், ஐரோப்பிய வயலின் கலைஞர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி அவருக்குப் பாடம் சொல்ல ஏற்பாடு செய்தார். மூன்று ஆண்டுகள் பாலுசுவாமி அவரிடம் பயின்றார். இந்தச் செய்தியை நமக்கு விட்டுச் சென்றவர் பாலுசுவாமியின் பேரன் சுப்பராம தீட்சிதர். அவரைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகள் என்று ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோம். வயலின் கற்றவர்களுக்குத்தான் அந்த வரியின் எடை தெரியும். வீணையில் இருபத்துநான்கு மெட்டுகள் உண்டு. விரலை மெட்டில் வைத்தால் சுரம் அங்கே இருக்கிறது. வயலின் கழுத்தில் அப்படி எதுவும் கிடையாது. வழுவழுப்பான கருமரம் மட்டும்தான். நூலளவு தள்ளி விரல் விழுந்தாலும் சுரம் கெட்டுவிடும். என் முதலாண்டில் வீட்டார் பட்ட பாட்டை அக்கம்பக்கத்தார் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் எனக்கு முன்னால் ஓர் ஆசிரியை உட்கார்ந்திருந்தார். மாயாமாளவகௌளையில் எந்தச் சுரத்தை எந்த விரலால் பிடிக்க வேண்டும், எங்கே வழுக்க வேண்டும் என்று அவர் வாசித்துக் காட்டினார். அவருக்கு அவருடைய ஆசிரியர் காட்டியிருப்பார். இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருந்தால் ஓரிடத்தில் சங்கிலி அறுந்துவிடும். அந்த இடத்தில் பாலுசுவாமி உட்கார்ந்திருக்கிறார். அவருடைய ஆசிரியருக்கு வில் பிடிக்கத் தெரியும், விரல் வைக்கத் தெரியும், இராகம் தெரியாது. தோடியின் காந்தாரத்தை வயலினில் எப்படி அசைப்பது என்று கேட்டால் உலகத்தில் யாரும் விடை சொல்லியிருக்க முடியாது. மாணவரே ஆசிரியராகவும் ஆக வேண்டிய நிலை.

இதனை எனக்கு நன்றாகப் புரிய வைத்தது நூல் அல்ல, ஒரு மின்னணுக் கருவி. பொறியியல் துறை நண்பர் ஒருவர் தம் இறுதியாண்டுத் திட்டப்பணிக்காகத் தெரமின் என்னும் இசைக்கருவியைச் செய்தார். ரஷ்ய அறிவியலாளர் லியோன் தெரமின் 1920-ஆம் ஆண்டு கண்டுபிடித்து, 1928-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கருவி இது. தொடாமலே வாசிக்க வேண்டும். பெட்டியிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஆண்டெனாவின் அருகே ஒரு கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். பக்கவாட்டில் உள்ள வளையத்தின்மேல் மற்றக் கையை ஏற்றி இறக்கினால் ஒலி கூடிக் குறையும். உள்ளே இரண்டு அலையியற்றிகள் உள்ளன. நம் கை நெருங்கும்போது மின்தேக்குத்திறன் மாறி ஒன்றின் அதிர்வெண் சற்று நகர்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நம் காதில் சுரமாக விழுகிறது.

விளையாட்டாகச் சரளி வரிசையை அதில் முயன்று பார்த்தோம். வழுக்கல் தானாகவே வந்தது. கமகத்துக்காகவே செய்த கருவியோ என்று முதல் ஐந்து நிமிடம் தோன்றியது. பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஒரு சுரத்தில் நிற்க முடியவில்லை. ஷட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குத் தாவ முடியவில்லை. இடையில் உள்ள வெளி முழுவதையும் இழுத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. மூச்சு விட்டால்கூடச் சுருதி அசைந்தது. மெட்டும் இல்லை, கட்டையும் இல்லை, தொட்டு உணரக் கம்பியும் இல்லை. காது மட்டுமே வழிகாட்டி.

அந்தக் கருவியில் மேல்நாட்டுச் செவ்வியல் இசையை மேடையேற்றிக் காட்டியவர் கிளாரா ராக்மோர் (1911–1998). லிதுவேனியாவில் பிறந்த இவர் சிறு வயதிலேயே வயலின் மேதை எனப் பெயரெடுத்தவர். வில் பிடிக்கும் கையில் ஏற்பட்ட கோளாறால் வயலினை விட நேர்ந்தது. தெரமினைக் கையில் எடுத்தவர், காற்றிலேயே விரல்களை விரித்தும் மடக்கியும் சுரங்களைப் பிடிக்கும் ஒரு விரல்முறையைத் தாமே வகுத்தார். கருவியின் வீச்சைக் கூட்டித் தரும்படி கண்டுபிடித்தவரிடமே கேட்டுப் பெற்றார். அவருக்குக் கைகொடுத்தது வயலின் வளர்த்துவிட்ட காது. பாலுசுவாமிக்குக் கைகொடுத்தது வீணை வளர்த்துவிட்ட காது. புதிய கருவியை வெறுங்காதோடு அணுகியவர் அல்லர் இருவரும்.

வீணையில் கமகம் என்பது பெரும்பாலும் கம்பியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுப்பதால் வருவது. வயலினில் அது விரலைக் கம்பியின்மேல் சறுக்குவதால் வருவது. அதே அசைவை வேறொரு கைவேலையாக மாற்ற வேண்டும். வீணையில் மீட்டிய ஒலி சற்று நேரத்தில் தேய்ந்து மறையும். வயலினில் வில் ஓடும்வரை ஒலி நிற்கும். குரலைப் போலவே கார்வை கொடுக்கலாம். பாடகருக்கு அருகில் அமர்ந்து, அவர் விட்ட இடத்தில் பிடித்து, அவர் ஓயும்போது தொடர்ந்து செல்ல இதைவிடப் பொருத்தமான கருவி அன்று நம்மிடம் இல்லை. வாய்ப்பாட்டுக்குத் துணையாக இருந்த வீணை தனி வாசிப்புக்கு ஒதுங்கிக்கொண்டதும், அந்த இடத்தில் வயலின் வந்து அமர்ந்ததும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல நடந்த மாற்றம்.

கிள்ளானில் இசைக்கருவி விற்கும் சீனர் கடையில் என் தந்தை எனக்கு வயலின் வாங்கித் தந்த அதே மாதம், எங்கள் பக்கத்து வீட்டுச் சீனத் தோழிக்கும் அதே கடையில் ஒன்று வாங்கினார்கள். இரண்டும் ஒரே தொழிற்சாலைச் சரக்கு. அவள் நின்றுகொண்டு தாடைக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொள்வாள். நான் தரையில் சம்மணமிட்டு, வயலினின் சுருள்முனையை வலது கால் மேல் சாய்த்து, மறுமுனையை நெஞ்சில் பொருத்திக்கொள்வேன். இதனால் என் இடக்கை பாரம் தாங்க வேண்டியதில்லை. கழுத்தின் முழு நீளத்துக்கும் தங்குதடையின்றி ஓடலாம். அவளுடைய நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் அமைந்தவை. என்னுடையவை ச, ப, ச, ப என்று சுருதி கூட்டியவை. ஒருவர் வயலினை மற்றவர் வாங்கி வாசித்துப் பார்த்து, இருவரும் விழுந்து விழுந்து சிரித்த நாள்கள் பல.

உட்கார்ந்து வாசிக்கும் இந்த முறையைக் கண்டு மேல்நாட்டார் வியப்பதுண்டு. ஆனால் தாடை வைக்கும் கட்டையே ஐரோப்பாவில் சுமார் 1820-ஆம் ஆண்டில்தான் லூயி ஷ்போர் என்பவரால் புகுத்தப்பட்டது. அதற்கு முன் அங்கேயும் நெஞ்சில் சாய்த்து வாசித்த நாட்டுப்புறக் கலைஞர்கள் பலர். பாலுசுவாமி கோட்டையில் கண்ட பிடிலுக்கு அந்தக் கட்டை இருந்திருக்க வாய்ப்பில்லை. கருவி இன்னும் தன் தாயகத்திலேயே இறுகிப் போகாத காலத்தில் அது நம் கைக்கு வந்தது நம் நற்பேறு.

நம் மலேசிய மண்ணிலும் இதே கருவிக்கு வேறொரு கதை உண்டு. மலாய்க்காரர் இதனைப் பியோலா என்பர். மலாக்காவில் தொண்டாங் சாயாங் பாடும்போது வயலின்தான் பாடகருக்கு வழித்துணை. ஜொகூர் கசலில் வயலினும் ஆர்மோனியமும் தபலாவும் அருகருகே அமர்கின்றன. ஒவ்வொரு மக்களும் தத்தம் குரலை அதற்குள் ஏற்றிவிட்டனர்.

எல்லாக் கருவிக்கும் இந்த வரவேற்புக் கிடைத்துவிடவில்லை. ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் கொடிகட்டிப் பறந்தது. ஆனால் 1940-ஆம் ஆண்டு அகில இந்திய வானொலி அதனைத் தடை செய்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடை நீடித்தது. கட்டைக்குக் கட்டை சுரம் பூட்டப்பட்டிருப்பதால் அசைவுகள் அதில் எழா என்பதே முதன்மையான குற்றச்சாட்டு. ஆகவே கருவி எங்கே பிறந்தது என்பதைவிட, அது நம் சுரத்துக்கு வளைந்து கொடுக்கிறதா என்பதுதான் நம் முன்னோர் கேட்ட கேள்வி என்று எனக்குப் படுகிறது. கீபோர்டு விவாதத்தையும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியிருந்தால் இரவு ஒன்பது மணிக்கே எல்லாரும் விடுதிக்குத் திரும்பியிருக்கலாம்.

இன்னொரு தரப்பும் உண்டு. வயலின் ஐரோப்பியருடையதே அன்று, நம் கோயில் சிற்பத்திலேயே இருக்கிறது, இங்கிருந்துதான் அங்கே போனது என்று மேடையில் முழங்குபவர்கள். வில்லால் இழைக்கும் கருவிகள் நம் நாட்டிலும் தொன்று தொட்டு இருந்தன என்பது உண்மையே. ஆனால் பாலுசுவாமியின் கையில் இருந்தது கோட்டையிலிருந்து வந்த பிடில். அதனைப் பிறர் பொருள் என்று ஒப்புக்கொண்டால் அவருடைய உழைப்பு பெரிதாகத் தெரிகிறது. நம் பொருள்தான் திரும்பி வந்தது என்றால் அந்த மூன்று ஆண்டுகளுக்கு என்ன மதிப்பு?

வயலினுக்கு வேறு சில முன்னோடிகளும் உரிமை கொண்டாடப்படுகிறார்கள். தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் (1798–1832) அவையில் மேல்நாட்டுப் பேண்டு இருந்தது. அவருடைய அமைச்சர் வராகப்பையர் வயலின் கற்றவராகச் சொல்லப்படுகிறார். தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு (1810–1847) இக்கருவியில் பெரும்புகழ் பெற்றவர். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834-ஆம் ஆண்டு அவருக்குத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வடிவேலுக்கு வயலின் கற்பித்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார் என்று பல கட்டுரைகளில் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் அப்படியே எடுத்தெழுதுவதால் வரும் வினை இது. சுவார்ட்ஸ் பாதிரியார் 1798-ஆம் ஆண்டே காலமாகிவிட்டார். வடிவேலு பிறந்தது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து. வடிவேலுவும் அவர் உடன்பிறந்தாரும் முத்துசுவாமி தீட்சிதரிடம் இசை பயின்றவர்கள் என்பதை நினைவில் கொண்டால், பிடில் தீட்சிதர் வீட்டுக்கு அந்நியப் பொருளன்று என்பதும் உடன் நினைவுக்கு வரும்.

1817-இல் தந்தை மறைந்த பிறகு குடும்பம் சிதறியது. முத்துசுவாமி திருவாரூரில் இருந்தார். சின்னசுவாமியும் பாலுசுவாமியும் இணைந்தே பாடியும் வாசித்தும் பிழைப்புத் தேடித் தெற்கே சென்றார்கள். மதுரையில் சின்னசுவாமி இறந்துவிட்டார். மணலியில் செல்வர் வீட்டு ஆதரவில் வளர்ந்தவர், முப்பத்தைந்து வயதைத் தாண்டிய நிலையில், கூடவே வந்த அண்ணனைப் பறிகொடுத்து, ஒருவரும் அறியாத ஒரு கருவியோடு தனியாக நிற்கிறார். அவர் இராமேசுவர யாத்திரை போனார். பிறகு அவருடைய கால்கள் எட்டயபுரத்தை நோக்கித் திரும்பின.

எட்டயபுரம் நமக்குப் புதிய பெயரன்று. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரை ஆதரித்த அவை அது. பின்னாளில் பாரதி பிறந்த ஊரும் அதுவே. கரிசல் காட்டுச் சிறு சமஸ்தானம்தான். ஆனாலும் புலவரை அடையாளம் காணும் கண் அந்த அரண்மனைக்கு இருந்தது. பாலுசுவாமி வீணை வாசித்தார், இன்னும் பல கருவிகளையும் கையாண்டார். ஆனால் அரசரை வியப்பில் ஆழ்த்தியது பிடிலில் அவர் வாசித்த நம் இசை. 1824-ஆம் ஆண்டு பாலுசுவாமி எட்டயபுரத்தின் ஆஸ்தான வித்துவான் ஆனார். வெள்ளையரின் வாத்தியத்தைத் தமிழ் நாட்டு அரசவை ஒன்று தன் இசையாக ஏற்றுக்கொண்ட அந்த ஆண்டை இசை மாணவர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம்.

தம்பியரைப் பற்றிச் செய்தி இல்லாமல் கலங்கிய முத்துசுவாமி அவர்களைத் தேடி மதுரைக்கு வந்தார். ஒருவர் இறந்துபோனதையும் மற்றவர் எட்டயபுரத்தில் இருப்பதையும் அங்கேதான் அறிந்தார். எட்டயபுரம் செல்லும் வழியில் வறண்டு கிடந்த நிலத்தைப் பார்த்து அவர் அமிர்தவர்ஷிணி இராகத்தில் பாட மழை பொழிந்தது என்பது யாவரும் அறிந்த கதை. அந்தக் கதையை அற்புதமாகச் சொல்பவர்கள், அவர் எதற்காக அந்தப் பாதையில் நடந்தார் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். இறந்த தம்பியை எண்ணிய துயரத்தோடு, உயிரோடு இருக்கும் தம்பியைப் பார்க்க நடந்தார். அவர் போய்ச் சேர்ந்த வேளையில் எட்டயபுரத்தில் பாலுசுவாமிக்குத் திருமண ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. இந்த ஒரு காட்சியை யாராவது நாடகமாக எழுதினால் நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

முத்துசுவாமி 1835-ஆம் ஆண்டுத் தீபாவளி நாளில் எட்டயபுரத்திலேயே மறைந்தார். அவருடைய நினைவிடம் அங்கே உள்ளது.

பாலுசுவாமி அதன்பின்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். எட்டயபுர அரசர்கள்மீது தெலுங்கில் தரு என்னும் வகைப் பாடல்களை இயற்றினார். வடமொழியும் தெலுங்கும்தானா, தமிழ் எங்கே என்று நம்மில் சிலர் கேட்பது எனக்குத் தெரியும்; நியாயமான கேள்விதான். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்ற வேண்டியிருந்ததும் அந்தக் குறையால்தான். ஆயினும் பாலுசுவாமி திறந்துவிட்ட வழியில் பின்னர் நடந்து வந்தவர்களின் வில்லுக்கு மொழி தடையாக இல்லை. திருக்கோடிகாவல் கிருஷ்ணையர், திருச்சி கோவிந்தசாமிப் பிள்ளை, துவாரம் வெங்கடசாமி நாயுடு, கும்பகோணம் இராஜமாணிக்கம் பிள்ளை, நம் காலத்துக்கு அருகில் லால்குடி ஜெயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் எனத் தொடரும் வரிசை அது. பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை காலையில் வயலின் பெட்டியோடு கொமுட்டர் ரயிலிலிருந்து இறங்கும் பிள்ளைகளும் அந்த வரிசையின் கடைசியில் நிற்பவர்கள்தாம்.

மகள் வயிற்றுப் பேரனான சுப்பராமனைப் பாலுசுவாமி தத்து எடுத்துக்கொண்டார். 1839-ஆம் ஆண்டு பிறந்த அந்தப் பிள்ளைக்குத் தாம் அறிந்த அனைத்தையும் கற்பித்தார். 1850-களின் இறுதியில் பாலுசுவாமி காலமானபோது சுப்பராமருக்கு இருபது வயதுகூட நிறைந்திருக்கவில்லை. தாத்தாவுக்குப் பின் அவரும் எட்டயபுர ஆஸ்தான வித்துவானாக விளங்கினார்.

ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் கோட்டையில் நடந்தது போன்ற ஒரு சந்திப்பு அந்தக் குடும்பத்தில் மீண்டும் நடந்தது. சென்னை அரசுச் செயலகத்தில் பணியாற்றிய கிறித்தவர் சின்னசாமி முதலியார், நம் இசையை மேல்நாட்டு சுரக்குறிப்பில் எழுதிப் பாதுகாக்கும் பணியில் இறங்கி 1893-ஆம் ஆண்டு அதனை வெளியிடத் தொடங்கினார். அதற்காகச் சுப்பராம தீட்சிதரிடம் பாடம் கேட்டார். வீட்டில் காத்து வைத்திருந்த செல்வத்தை அச்சிட வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. வாய்வழியாகவே வந்த கமகங்களை எழுத்தில் எப்படிக் காட்டுவது என்ற கேள்வி இங்கே எழுந்தது. சுப்பராம தீட்சிதர் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு குறியீடு அமைத்தார். அதன் பயனாக 1904-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் அச்சேறியதுதான் சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்னும் பெருநூல். தெலுங்கில் எழுதப்பட்ட அதனைப் பின்னாளில் சென்னை மியூசிக் அகாதமி தமிழிலும் பல பாகங்களாக வெளியிட்டது. முத்துசுவாமியின் பாடல்கள் இன்று நமக்கு இவ்வளவு கிடைப்பதும், மணலி முதலியார் அமர்த்திய ஐரோப்பிய ஆசிரியரைப் பற்றியும் அந்த மூன்று ஆண்டுகளைப் பற்றியும் நாம் அறிவதும் அந்த நூலால்தான்.

சுப்பராம தீட்சிதர் 1906-ஆம் ஆண்டு மறைந்தார். அதே ஊரில் பிறந்து வளர்ந்த பாரதி அவருக்காக இரங்கற்பா பாடினார். பாரதியார் கவிதைத் தொகுப்பு நம் பல்கலைக்கழக நூலகத்தில் பல பதிப்புகளாக இருக்கிறது. சான்றோரைப் பற்றிய பகுதியில் தேடினால் அந்தப் பாடல் கிடைக்கும்.